பொடித்துக் கொடுக்கக் கூடாத மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, 70 வயதைக் கடந்த என் பெரியம்மாவுக்கு சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 1000 மாத்திரையை (எஸ்.ஆர். என்றால் மருந்தைச் சிறுகச் சிறுக வெளிவிடும் வகை) இஞ்சி தட்டும் சிறு உரலில் பொடித்து, மோரில் கலக்கிக் கொடுப்பதைக் கண்டு பதறிப்போனேன். விழுங்க முடியவில்லை என்று சொன்னதற்கு, மருந்துக்கடையிலேயே அப்படிக் கொடுக்கலாம் என்றார்களாம். மாத்திரைத் தயாரிப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு நீரில் மிக எளிதில் கரையும். ஒரு கிராம் மருந்துக்குச் சில மில்லிலிட்டர் தண்ணீரே போதும். அதைப் பல மணி நேரம் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவதற்காக, ஹைப்ரோமெல்லோஸ் என்னும் செல்லுலோஸ் வகைப் பாலிமரைக் கலந்து மாத்திரையாக அழுத்துகிறோம். வயிற்றில் நீர் பட்டதும் மாத்திரையின் மேற்பரப்பு உப்பி, ஊறிய சப்ஜா விதையைச் சுற்றியிருப்பதைப் போன்ற வழவழப்பான கூழ்ப்படலம் உண்டாகிறது; உள்ளிருக்கும் மருந்து அந்தப் படலத்தின் ஊடாகக் கசிந்துதான் வெளியே வர முடியும். படலம் உண்டாவது சற்றுத் தாமதித்தாலும் மேற்பரப்பிலுள்ள மருந்து ஒரேயடியாகக் கரைந்துவிடும் என்பதால், பாலிமரின் பாகுத்தன்மை, துகளின் நுண்மை, கலக்கும் விகிதம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சோதித்து, ஒவ்வொரு மணி நேரத்திலும் எவ்வளவு மருந்து வெளியேறுகிறது என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நீரை ஒட்டவிடாத எத்தில் செல்லுலோஸைத் துணைக்குச் சேர்ப்பதும் உண்டு.

படலம் உறுதியாக இருக்கப் பாலிமர் தாராளமாக வேண்டும். மருந்தோ அதுவே 500 அல்லது 1000 மில்லிகிராம். இரண்டும் சேர்ந்தால் மாத்திரை பெரிதாகாமல் என்ன செய்யும்? அந்தப் பருமனைக் கண்டு மிரளும் முதியவர்களுக்குத்தான் வீட்டார் பொடித்துக் கொடுக்கிறார்கள். பொடித்துவிட்டால் படலம் உண்டாக வழியே இல்லை. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் கரைந்து குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். பிற்பாடு தேவைப்படும் வேளைக்கு மருந்து போதாமலும் போகும். பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது. சாப்பாடு சேரவில்லை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மலத்தில் மாத்திரையின் உருவம் அப்படியே தென்படுகிறதே என்று அஞ்சி உடைப்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் மருந்து கசிந்து வெளியேறிய பிறகு எஞ்சும் வெறும் கூடுதான்.

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குச் சாதாரண மெட்ஃபார்மினைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பதா, வேறு வழி உண்டா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். கேட்காமல் நாமாக எதையும் மாற்றக் கூடாது. மருந்து நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைகளில் அட்டையைக் கத்தரித்து நான்கைந்து மாத்திரைகளாகக் கொடுக்கும்போது, எஸ்.ஆர். என்ற எழுத்துகள் பல நேரம் வெட்டுப்பட்டுக் கடையிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே ‘உடைக்காமல், பொடிக்காமல் முழுதாக விழுங்கவும்’ என்ற வரியை அட்டையில் ஒவ்வொரு மாத்திரையின் பின்புறத்திலும் தமிழில் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
மாத்திரைத் தயாரிப்புத் துறை வாசகர், மதுரை