எண்ணெய் தடவாதே, கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்க ராணுவ விமானிகள் போட்ட ஏ-2 தோல் ஜாக்கெட்தான், சந்தேகமே இல்லை. பிரஸ் பட்டன் வைத்த காலர், ஜிப்பின் பின்னால் காற்றுப் புகாமலிருக்கத் தைத்த தோல் பட்டை, கையிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். கழுத்து லேபிளில் 30-1415 என்ற வடிவமைப்பு வரைபட எண்கூடத் தெரிகிறது. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு இந்த வகையை ஏற்றுக்கொண்டது 1931-ல். 1943-ல் புதிதாக ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். இத்தனை வருஷம் தாண்டி அந்தக் குதிரைத்தோல் இவ்வளவு நன்றாக இருப்பதைப் பார்க்கவே மனசு நிறைந்துவிட்டது.

தோல் காய்ந்த மாதிரி இருக்கிறது, எண்ணெய் தடவட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா.

நான் வாங்கிய முதல் ஏ-2 நீ பிறப்பதற்கு முன்னால் வந்தது. பளபளப்பாக்க வேண்டும் என்று தோலுக்கான எண்ணெயை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தேன். செம்பழுப்பு நிறம் கறுத்தது. உள்துணியில் கறை இறங்கியது. சில வருஷங்களில் ஜாக்கெட் கையின் தையல் நூலும் இற்றுவிட்டது. இதெல்லாம்கூடப் போகட்டும். இடது மார்பில், படைப்பிரிவின் சின்னம் தைத்திருந்த இடத்தில் தோல் வெளுக்காமல் ஒரு வட்டம் இருந்தது. அந்த ஜாக்கெட்டைப் போட்டுப் பறந்தவன் யாரோடு இருந்தான் என்பதற்கு மிஞ்சியிருந்த ஒரே தடயம் அது. நிறம் கறுத்ததில் வட்டமும் மறைந்துவிட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

பழைய ஜாக்கெட்டில் அழுக்கும் கீறலும்கூடச் சாட்சிதான். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாம் விமானப்படையின் குண்டுவீச்சு விமானக் குழுவினர் பலர், முதுகில் விமானத்தின் பெயரை எழுதி, போய்த் திரும்பிய ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு சின்னக் குண்டு வரைந்துகொண்டார்கள். முதலில் 25 முறை போய்வந்தால் வீடு திரும்பலாம் என்பது கணக்கு. அப்படி வரைந்த ஜாக்கெட் உனக்குக் கிடைத்தால் அவசரப்படாதே. அந்தக் காலத்துப் பெயின்ட் என்றால் தோல் மடிந்த இடத்தில் அதுவும் வெடித்திருக்கும். வெடிப்புக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால், பிற்பாடு யாரோ வரைந்தது.

சரி, இப்போதைக்கு இதைச் செய். மெல்லிய ஹேங்கரில் தொங்கவிடாதே, தோள் இறங்கிவிடும். அமிலமில்லாத டிஷ்யூ தாளைக் கைக்குள் லேசாகச் சுருட்டி வைத்து, மடிக்காமல் படுக்கவை. பிளாஸ்டிக் உறை வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பட்டனைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். கம்பளிப் பின்னலில் அந்துப்பூச்சி ஓட்டை இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார். ஜிப் நகரவில்லை என்றால் இழுக்காதே, மாற்றவும் மாற்றாதே. போட்டுப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழைய நூல் தோள் அசைவைத் தாங்காது.

அப்புறம், உன் மூன்றாவது படத்தில் இடது மார்பில் வரிசையாக ஊசித் துளைகள் தெரிகிற மாதிரி இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அந்த இடத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. துடைக்காமல் எடு.

அன்புடன்,
அப்பா