அந்தப் படத்தை அழித்தால் மட்டும் போதாது

அன்புள்ள கண்ணா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. பிட்காயினுக்குப் புது வாலெட் திறந்துவிட்டேன் அம்மா, அது தந்த பன்னிரண்டு சொல்லையும் தாளில் எழுதிப் போட்டோவும் எடுத்து வைத்துவிட்டேன், கடைசி இரண்டு சொல்லை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டேன், அது எனக்கு மனப்பாடம் என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்போதே அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் காலையில் எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். முழுவதும் படி. படித்த அன்றைக்கே செய்ய வேண்டியதைச் செய்துவிடு, நாளைக்கு என்று தள்ளாதே.

முதலில் நீ விரலால் மறைத்த அந்த இரண்டு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

வாலெட் என்பது உன் பிட்காயினின் சாவியை வைத்திருக்கிற செயலி. போனே தொலைந்தாலும் அதை மறுபடி திறப்பது அந்தச் சொற்கள்தான். பெரும்பாலான வாலெட்டுகள் தருகிற சொற்கள் ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. 2013இல் வந்த பிப்-39 என்ற முறையின் பட்டியல் அது. மொத்தமே 2048 ஆங்கிலச் சொற்கள்தான். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், ரகசியம் எதுவும் இல்லை. பன்னிரண்டும் தெரியாதவனுக்கு அது உடைக்க முடியாத கோட்டை. ஒரு சொல் மட்டும் தெரியாதவனுக்கு 2048 முயற்சி. இரண்டு தெரியாதவனுக்கு 41,94,304 முயற்சி. கேட்கப் பெரிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு வைத்திருக்கிறார்கள். மற்றச் சொற்களோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வரிசை செல்லாது. பதினாறில் ஒன்றுதான் தேறும். ஆக, உன் படம் கையில் கிடைத்தவன் உண்மையில் போட்டுப் பார்க்க வேண்டியது ஏறக்குறைய 2,62,000 வரிசைகள்தான். சாதாரண மடிக்கணினிக்கு அது ஒரு ராத்திரி வேலைகூட இல்லை.

இது எனக்குக் கணக்காக மட்டும் தெரிந்த விஷயம் இல்லை. என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. என்னுடைய சொற்களை முதலில் ஜெல் பேனாவில் எழுதி, ஒரு உறைக்குள் போட்டு, மற்றப் பத்திரங்களோடு வைத்திருந்தேன். ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் ஈரம் ஏறி ஏழாவது சொல் நீலக் கறையாகிக் கிடந்தது. முதல் மூன்று எழுத்து மட்டும் தெரிந்தது: சி, ஏ, என். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அதே வாரம்தான் பழைய போனை மாற்றியிருந்தேன், அதிலிருந்த வாலெட்டும் போய்விட்டது. அந்தத் தாளை விட்டால் வேறு வழி இல்லை.

அப்புறம் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று எழுத்தில் தொடங்குகிற சொற்கள் எட்டே எட்டு. கேன், கேனல், கேன்சல், கேண்டி, கேனன், கனூ, கேன்வாஸ், கேன்யன். ஒவ்வொன்றாக ஏழாவது இடத்தில் வைத்துப் பார்த்தேன். செல்லாது, செல்லாது என்று ஐந்து முறை சிவப்பு எழுத்து வந்தது. ஆறாவதாகக் கனூ போட்டதும் திறந்துகொண்டது. காசு வந்து சேர்கிற முகவரியும் (வங்கிக் கணக்கு எண் மாதிரி) இருப்பும் நான் நினைவில் வைத்திருந்தபடியே இருந்தன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நிம்மதியில் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. எனக்கு இவ்வளவு சுலபமாகத் திறந்தது, அந்தத் தாளைப் பார்க்கிற எவனுக்கும் இவ்வளவு சுலபமாகத்தானே திறக்கும்?

இப்போது உன் போட்டோவுக்கு வருகிறேன். அது உன் போனில் மட்டும் இருக்கிறது என்று நினைக்காதே. எடுத்த சில நிமிடங்களிலேயே கிளவுடில் ஒரு நகல் போயிருக்கும். உன் மடிக்கணினியிலும் அதே கணக்கு ஓடினால் அங்கேயும் ஒன்று இறங்கியிருக்கும். அழித்தாலும் அழித்தவை பெட்டியில் சில வாரம் கிடக்கும். இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற திருட்டு நிரலைப் பற்றிச் சொன்னார்கள். கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலுமே இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. படங்களைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் படத்தில் இருக்கிற எழுத்தைப் படித்து, வாலெட் சொற்கள் மாதிரி தெரிகிற படங்களைப் பொறுக்கி வெளியே அனுப்பிவிடும். எத்தனை செயலிக்கு நீ யோசிக்காமல் அந்த அனுமதியைக் கொடுத்திருக்கிறாய்? நானும் கொடுத்தவள்தான்.

அதனால் படத்தை அழித்தால் மட்டும் போதாது. அந்தப் பன்னிரண்டு சொல்லும் வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொள். புதிதாக ஒரு வாலெட் உருவாக்கி, அது தருகிற புதுச் சொற்களை எழுதிக்கொண்டு, பழையதில் இருப்பதை எல்லாம் அங்கே மாற்று. பழைய முகவரியை அதற்கப்புறம் தொடாதே. இங்கே பலர் ஒரு தப்புப் பண்ணுகிறார்கள். நல்ல ஹார்டுவேர் வாலெட் (சாவியை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கிற தனிக் கருவி) வாங்கி, பழைய சொற்களையே அதில் ஏற்றிவிட்டு, இனிப் பத்திரம் என்று இருந்துவிடுகிறார்கள். சொற்கள் அதேதான் என்றால் சாவியும் அதேதான். கருவி மாறியதால் ஒன்றும் மாறாது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வங்கியில் பழகிய கண்ணால்தான் நாம் இதையும் பார்க்கிறோம். உன் பிட்காயின் உன் போனுக்குள் இல்லை. அது எல்லோருக்கும் தெரிகிற பொதுக் கணக்கேட்டில் இருக்கிறது. உன்னிடம் இருப்பது அதை நகர்த்துகிற சாவி, 256 பிட் நீளமுள்ள ஒரு எண். அந்த எண் பிறப்பது இந்தச் சொற்களிலிருந்து. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்லி மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது, திருடு போனால் கணக்கை முடக்கச் சொல்லவும் ஆள் கிடையாது. சொல் யாரிடம் இருக்கிறதோ பணம் அவருடையது.

திருடனை மட்டும் நினைத்துக்கொண்டும் இருக்க முடியாது. வேல்ஸில் நியூபோர்ட்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹவல்ஸ் என்பவரின் பழைய ஹார்ட் டிஸ்க் 2013இல் குப்பையோடு போய்விட்டது. அதில் ஏறக்குறைய 8000 பிட்காயினின் சாவி இருந்தது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காகப் போராடினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. அந்தக் காசை யாரும் திருடவில்லை. இன்னும் அதே முகவரியில் இருக்கிறது, சாவிதான் இல்லை. என் ஏழாவது சொல் கரைந்த அன்றைக்கு எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

சரி, எழுதுவது எப்படி? பென்சிலில் எழுது, ஈரத்தில் கரையாது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுது, ஏனென்றால் வரிசை மாறினாலும் திறக்காது. இரண்டு தாள் எழுதி இரண்டு வேறு இடத்தில் வை. ஆறு சொல் இங்கே ஆறு சொல் அங்கே என்று பிரிக்காதே. அது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரு பாதி தொலைந்தால் எல்லாம் போச்சு, ஒரு பாதி அடுத்தவன் கையில் கிடைத்தால் அவனுக்குப் பாதி வேலைக்கும் மேல் முடிந்துவிடும். தொகை பெரிதாகும்போது எஃகுத் தகடு வாங்கிக்கொள், எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் தட்டிப் பதிப்பது. தாள் நெருப்புக்குத் தாங்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து பதித்தால் போதும், நான்கு எழுத்துக்குள் எல்லாச் சொல்லும் பிரிந்துவிடும்படிதான் பட்டியலையே அமைத்திருக்கிறார்கள். அதிகம் போனால் நாற்பத்தெட்டு எழுத்து. நான் ஒரு சாயங்காலத்தில் முடித்தேன்.

எழுதி முடித்ததும் பணத்தை உடனே மாற்றிவிடாதே. இதைத்தான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன், எல்லோரும் விடுகிற படி இது. முதலில் மிகச் சிறிய தொகையை மட்டும் புது வாலெட்டுக்கு அனுப்பு. அப்புறம் அந்த வாலெட்டையே அழித்துவிடு. தாளை மட்டும் பார்த்து மறுபடி திற. அழிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் வயிற்றைக் கலக்கும், எனக்கும் கலக்கியது. இரண்டு தரம் தாளைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். திரும்ப அதே முகவரி, அதே சிறு தொகை கண்ணில் பட்டதும்தான் என் கையெழுத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. அதற்கப்புறம் மீதியை அனுப்பு.

பதின்மூன்றாவது சொல் மாதிரி நாமே ஒரு ரகசியத் தொடர் சேர்க்கலாம் என்று படித்திருப்பாய். நல்ல வசதிதான், ஆனால் இப்போதைக்கு உனக்கு வேண்டாம் என்பேன். அதைத் தப்பாக அடித்தால் தப்பு என்று வாலெட் சொல்லாது. காலியான வேறொரு வாலெட்டைத் திறந்து காட்டும். நான்கு வருடம் கழித்து ஒரு எழுத்து பெரியதா சின்னதா என்று தெரியாமல் நீ தவிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஹார்டுவேர் வாலெட் வாங்கினால் தயாரித்த நிறுவனத்திடமே நேரடியாக வாங்கு. சொற்கள் உன் கண் முன்னால் அந்தக் கருவியின் திரையில்தான் வர வேண்டும். பெட்டிக்குள் அச்சடித்த சொற்கள் தயாராக இருந்தால் அது பொறி, தொடாதே. இந்தக் கருவிகளைத் தயாரிக்கிற லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி எல்லாம் 2020இல் கசிந்தது. அதற்கப்புறம் அந்த வீடுகளுக்குப் போலிக் கருவிகள்கூடத் தபாலில் போயின. உங்கள் பாதுகாப்புக்காக இந்தப் புதுக் கருவிக்கு மாறுங்கள், உங்கள் சொற்களை இதில் அடியுங்கள் என்று கடிதத்தோடு. யார் கேட்டாலும், எந்தக் காரணத்துக்காகக் கேட்டாலும், அந்தச் சொற்களைச் சொல்லாதே, அடிக்காதே. நான் கேட்டாலும் சொல்லாதே கண்ணா. என் குரலிலேயே போன் வந்து அவசரம் என்று அழுதாலும் சொல்லாதே. நான் ஒரு நாளும் கேட்க மாட்டேன்.

அனுப்பும்போது முகவரியை முழுவதும் பார். முன்னால் நாலு எழுத்து, பின்னால் நாலு எழுத்து பார்த்துவிட்டு விடுகிற பழக்கத்தை நம்பித்தான் ஒரு திருட்டே நடக்கிறது. அதே முனைகள் உள்ள முகவரியிலிருந்து உன் கணக்குக்கு ஒரு அற்பத் தொகை வரும். அடுத்த முறை பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை எடுக்கும்போது நீ அதையே நகலெடுப்பாய் என்று காத்திருப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏறக்குறைய 68 மில்லியன் டாலர் அனுப்பிவிட்டார். அவருக்குப் பெரும்பகுதி திரும்பி வந்தது, எல்லோருக்கும் அப்படி வராது. கணினித் திரை சொல்வதையும் அப்படியே நம்பாதே. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கிற இணையச் சந்தை) ஏறக்குறைய 1.5 பில்லியன் டாலர் போனது அப்படித்தான். அனுப்ப ஒப்புதல் தந்த அதன் ஆட்களின் திரையில் வழக்கமான பரிவர்த்தனை தெரிந்தது, உண்மையில் அவர்கள் ஒப்புக்கொண்டது வேறொன்று. கையில் இருக்கும் கருவியின் சின்னத் திரையில் வருவதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அழுத்து. புரியாதது வந்தால் நிராகரித்துவிடு.

எக்ஸ்சேஞ்சிலேயே எல்லாவற்றையும் விட்டுவைக்கலாமே என்று ஒரு தரம் கேட்டாய். அங்கே சாவி அவர்களுடையது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது அதில் போட்டவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிட்டது. வாங்க, விற்க வைத்துக்கொள், நீண்ட நாள் சேமிப்பை வெளியே எடுத்துவிடு.

உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று நண்பர்களிடம் பேசாதே. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என்னுடைய தகடு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கு உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நேற்று உன்னைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான் இது உறைத்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் இத்தனை வருடம் சேர்த்தது உனக்கு இல்லாமலே போய்விடும். இடத்தை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, போனிலும் சொல்லப் போவதில்லை. அடுத்த முறை நீ வரும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன். எந்த வாலெட், எப்படித் திறப்பது, எந்த இணையப் பக்கத்துக்குப் போகக் கூடாது என்று தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதில் சொற்கள் இருக்காது. நீயும் உன்னுடையதற்கு அப்படி ஒன்று எழுதிக்கொண்டு வா. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தரம் திறந்து பார்த்துவிடலாம்.

புது வாலெட்டுக்கு மாற்றி முடித்ததும் முடித்துவிட்டேன் என்று மட்டும் செய்தி அனுப்பு. படம் அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா