ராத்திரி சமையல் தலைவலி இல்ல சார், அதுல வர்ற "5 நிமிஷம்"தான் தலைவலி

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க இணைப்புல ராத்திரி சமையல்ல இருந்து தப்பிக்கிறது எப்படின்னு ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. அதை நான் அடுப்பு பக்கத்துல நின்னுட்டு, வாணலில வெங்காயம் வதங்குற வரைக்கும் படிச்சேன், படிச்சு முடிச்சப்ப வெங்காயம் இன்னும் வதங்கல, அவ்ளோதான் கட்டுரை. ஆனா அது முழுக்க ஒரே பல்லவி. வேலை முடிஞ்சு வந்து சமைக்கிறது ஒரு தண்டனை, அதை எப்படியாவது சுருக்கணும், இல்ல ஆர்டர் போட்டுடணும். எனக்கு அதுல ஒப்புதல் இல்லன்னு சொல்லத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிடும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, ஆனா வெங்காயம் பத்தி எழுதினதை மட்டும் வெட்டாதீங்க.

நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவன். மூணு வருஷம் முன்னாடி என் வொய்ஃபுக்கு ஷிஃப்ட் மாறிடுச்சு, அவங்க வீட்டுக்கு வர ஒன்பது ஆயிடும், நான் ஆறரைக்கு வந்துடுவேன், ரெண்டு பசங்க ஏழரைக்கே பசியோட கிச்சன்ல எட்டிப் பாப்பாங்க. அதனால வாரநாள் ராத்திரி சாப்பாடு என் தலையில விழுந்துச்சு. ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டேன்னு கதை விடல. மொத ஆறு மாசம் நரகம். ஆனா யோசிச்சுப் பாத்தா நரகம் சமையல்ல இல்ல, "இன்னைக்கு என்ன செய்றது" அந்த கேள்வில இருந்துச்சு. மத்தியானம் நாலு மணிக்கே ஆபீஸ்ல ஒரு பக்கம் எக்ஸெல் ஓடும், இன்னொரு பக்கம் மண்டைக்குள்ள கத்திரிக்காயா முட்டையான்னு ஓடும். வீட்டுல கேட்டா "எதுனாலும் ஓகேப்பா"ம்பாங்க. செஞ்சு வெச்சா "மறுபடியும் இதுவா"ம்பாங்க. எதுனாலும் ஓகேன்னு சொன்னவங்களுக்கு மறுபடியும் இதுவான்னு கேக்குற உரிமை எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

உங்க கட்டுரைல சொன்ன மாதிரி ஃப்ரிட்ஜ் கதவுல மெனு சார்ட்டெல்லாம் ஒட்டிப் பாத்துட்டேன் சார். ஒன்பது நாள் தாங்குச்சு. வியாழக்கிழமைக்குன்னு வாங்கி வெச்ச கீரை புதன்கிழமையே அழுகிப்போச்சு, சார்ட் கிழிஞ்சுது. அப்புறம் ஐட்டம் எழுதறதை விட்டுட்டு கிழமைக்கு ஒரு பொருள்னு மட்டும் வெச்சுக்கிட்டேன். திங்கள் முட்டை, செவ்வாய் பருப்பு, புதன் கீரை, வியாழன் ஃப்ரிட்ஜ் காலி பண்ற நாள், வெள்ளி பசங்க சாய்ஸ். முட்டைன்னு முடிவாயிட்டா அதை அவிக்கிறதா பொரிக்கிறதா சாதத்துல கலக்குறதாங்கிறது அடுப்பு முன்னாடி நிக்கும்போது பாத்துக்கலாம். நம்ப மாட்டீங்க, இந்த ஒரு மாத்தத்துல பாதி களைப்பு போச்சு. மிச்சம் இருந்த பாதி எப்படி போச்சுங்கறதுதான் விஷயம்.

அது வெங்காயத்துல போச்சு.

உங்க சமையல் பகுதி மட்டும் இல்ல, எல்லார் சமையல் பகுதியும் ஒரே வாக்கியத்தை எழுதுது, "வெங்காயத்தை பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்". நானும் நம்பி அஞ்சாவது நிமிஷம் கடிகாரத்தைப் பாப்பேன், வெங்காயம் வெள்ளை வெளேர்னு கிடக்கும். சரி நமக்குத்தான் கை வரலன்னு தீயைக் கூட்டுவேன், ஓரமெல்லாம் கருகும், நடு அப்படியே பச்சையா இருக்கும், கோவம் வரும், மூட் அவுட். பல மாசம் இது என் தப்புன்னே நினைச்சேன். அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், வெங்காயத்துல முக்கால்வாசிக்கு மேல தண்ணி. அந்த தண்ணி இருக்குற வரைக்கும் வாணலில இருக்குறது 100 டிகிரியை ஒட்டித்தான் நிக்கும், தண்ணியோட கொதிநிலை அதுதானே. நல்லா சிவந்து வாசனை வர்றதுக்கு சுமாரா 140 டிகிரிக்கு மேல வேணும். அதாவது தண்ணி வத்தாம நிறம் வராது, தண்ணி வத்த நேரம் ஆகும், அவ்ளோதான் கணக்கு. இப்படி சூட்டுல பொருள் சிவந்து மணக்குற வேதியியலை 1912-லயே மயார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வெச்சுட்டாராம், அவர் பேரைத்தான் அதுக்கு வெச்சிருக்காங்க. 1912-ல எழுதினது நம்ம சமையல் குறிப்புக்கு இன்னும் வந்து சேரல. நிஜமா ஆழமான பழுப்பு நிறம் வேணும்னா மெதுவான தீயில அரை மணி நேரம், முக்கா மணி நேரம்கூட ஆகும் சார்.

இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு வந்த நிம்மதி இருக்கே, சொல்லி மாளாது. ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஒண்ணு, வாரநாள்ல பொன்னிறமே வேணாம்னு விட்டுட்டேன், கண்ணாடி மாதிரி ஆனா போதும், அது எட்டு பத்து நிமிஷத்துல ஆயிடும், ருசிக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ரெண்டு, அந்த எட்டு பத்து நிமிஷம் வேற எதுவும் பண்ணாம சும்மா நின்னு கேக்க ஆரம்பிச்சேன். ஆமா, கேக்க. தண்ணி இருக்குறப்ப வாணலி ஒரு மாதிரி கொழகொழன்னு சலசலக்கும், தண்ணி வத்த வத்த சத்தம் மெல்லிசாகி சுர்ருன்னு மாறும், அந்த மாறுற நேரத்துல கிளறணும். அப்புறம் ஒரு கட்டத்துல பச்சை வாடை போய் லேசா இனிப்பு வாசனை வரும், பாருங்க, அந்த வாசனை வந்ததும் நாள் முழுக்க ஆபீஸ்ல இறுகிப்போயிருந்த தோள்பட்டை தானா கீழ இறங்கும். இதுக்குன்னே போனை வேற ரூம்ல வெச்சுடுவேன். ஒரு தடவை போன்ல பேசிட்டே சமைச்சு சாதத்தை அடிபிடிக்க விட்டதுல இருந்து இந்த ரூல். அன்னைக்கு பக்கத்து ரூம்ல படிச்சிட்டிருந்த என் பொண்ணு "அப்பா சத்தம் மாறிடுச்சு"ன்னு கத்தினா. சத்தத்தை வெச்சே கண்டுபிடிச்சிருக்கா. எனக்கு அப்பவும் தெரியல.

வெட்டும்போது கண்ணு எரியுதே அதுவும் அப்படித்தான். வெங்காயத்தை வெட்டினதும் அதோட செல்லு உடைஞ்சு ஒரு வாயு கிளம்பி கண்ணுத் தண்ணில படுது, அதான் எரிச்சல். அந்த வாயுவை உண்டாக்குறதுக்குன்னே தனியா ஒரு என்சைம் இருக்குன்னு ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் 2002-லதான் சொன்னாங்க. நமக்கு வேண்டியது இவ்ளோதான், மொக்கை கத்தி வெங்காயத்தை நசுக்கும், நசுங்கினா நிறைய செல்லு உடையும், நிறைய அழணும். கூர்மையான கத்தியா இருந்தா கம்மியா அழணும். மூணு வருஷத்துல கிச்சனுக்கு நான் பண்ணின ஒரே உருப்படியான செலவு கத்தியை சாணை பிடிச்சதுதான். மத்த சாமானெல்லாம் பரண்ல இருக்கு.

இன்னொரு சம்பவம். குக்கர் கேஸ்கட் போயிடுச்சு ஒரு நாள். சரின்னு சாதா பாத்திரத்துல பருப்பு, உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு ஏத்தினேன், முக்கா மணி நேரம் ஆகியும் கிழங்கு நறுக்கு நறுக்குன்னு இருக்கு, பையன் ஸ்பூனால குத்திப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பிரெட்டை எடுத்துட்டுப் போயிட்டான். அந்த மௌனம் ரொம்ப வலிச்சுது. விஷயம் என்னன்னா புளிப்பு இருந்தா காயோட செல்லுகளை ஒட்டி வெச்சிருக்குற பெக்டின் சீக்கிரம் கரையாது, அதனால காயும் பருப்பும் மெதுவாத்தான் வேகும். குக்கர்ல அழுத்தத்துனால உள்ள 120 டிகிரி வரைக்கும் ஏறுது, அதனால இவ்ளோ நாள் என் தப்பு மறைஞ்சிருக்கு. இப்ப மொதல்ல வேகவெச்சுட்டு அப்புறம்தான் தக்காளி, எலுமிச்சை எல்லாம். இந்த மாதிரி ஒவ்வொண்ணும் ஏன்னு தெரியத் தெரிய, அடுப்பு முன்னாடி நிக்கிறது பரீட்சை எழுதற மாதிரி இல்லாம போச்சு. கீரை நிறம் மாறினா பதறுறது இல்ல, மூடியைத் திறந்து வெச்சு சட்டுனு இறக்கிடறேன். ருசி சப்புன்னு இருந்தா மசாலாவைக் கொட்டுறது இல்ல, முதல்ல உப்பு, அப்புறம் துளி புளிப்பு, முக்காவாசி அதுலயே சரியாயிடும்.

மிச்சம் வர்றதைப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா உங்க கட்டுரைல ரெண்டு மடங்கா சமைச்சு வெச்சுக்கோங்கன்னு இருந்துச்சு, எப்படி வெக்கணும்னு இல்ல. நான் பண்றேன், நல்ல யோசனைதான். ஆனா சாதத்தை அப்படியே மேடைல விட்டுட்டு தூங்கப் போயிடக் கூடாது. அரிசில இருக்குற ஒரு வகை பாக்டீரியாவோட விதை மாதிரி ஒண்ணு கொதிச்சாலும் சாகாது, வெதுவெதுப்பா மணிக்கணக்குல இருந்தா முளைச்சு நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. அகலமான தட்டுல பரப்பி ஆறவெச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வெச்சுடணும், 5 டிகிரிக்குக் கீழ. இதை ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருக்கலாம்.

பாத்திரம் கழுவுறதுல சந்தோஷம் இருக்கான்னு கேப்பீங்க. இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். இந்த லெட்டரை எழுதி வொய்ஃப்கிட்ட படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "நீங்க மூணு வருஷம் பண்ணிட்டு பேப்பருக்கு எழுதறீங்க, நான் பதினாலு வருஷம் பண்ணேன், எனக்கு ஏன் வெங்காயத்துல சங்கீதம் கேக்கல?"ன்னாங்க. எனக்கு பதில் வரல சார். ராத்திரி பூரா யோசிச்சேன். அவங்க சமைச்சப்ப நான் ஹால்ல உக்காந்திருந்தேன், சாப்பிட்டேன், எந்திரிச்சேன். நான் சமைச்ச மொத வாரம் பசங்க கை தட்டினாங்க, பக்கத்து வீட்டுல ஆச்சரியப்பட்டாங்க, மாமியார் போன்ல பாராட்டினாங்க, அதுவும் வெறும் முட்டைக்கு. எனக்கு உடம்பு முடியலன்னா அவங்க பாத்துப்பாங்கன்னு தெரியும், அவங்களுக்கு அந்த தைரியம் அப்ப இல்ல. நான் சொல்ற சந்தோஷத்துல வெங்காயத்தோட பங்கு பாதின்னா, மிச்ச பாதி இந்த சலுகைதான். அதனால இப்ப வீட்டுல சாப்பிடறவங்க வாயைத் திறந்து எதாவது சொல்லணும், "நல்லா இருக்கு" செல்லாது, எது நல்லா இருக்கு எது இல்லன்னு சொல்லணும். சனி ஞாயிறு அவங்க சமைக்கிறப்பவும் இதே ரூல். பையன் ரொம்ப கறாரா மார்க் போடறான்.

அதனால ஆசிரியர் சார், கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். சமையல் பக்கத்து மேல "இல்லத்தரசிகளுக்கு"ன்னு போடறதை எடுத்துடுங்க, எங்க வீட்டுல அதைப் படிக்கிறவனுக்கு மீசை இருக்கு. விருந்து ஐட்டமா போட்டுத் தள்ளாம வாரத்துக்கு ஒண்ணாவது செவ்வாய்க்கிழமை சாப்பாடு போடுங்க. நேரம் போடும்போது உரிக்கிறது, நறுக்குறது, கழுவுறது எல்லாம் சேத்துப் போடுங்க, "ஏற்கனவே நறுக்கிய வெங்காயம் 2 கப்"னு எழுதினா அதை யாரு நறுக்கினாங்க? அந்த 5 நிமிஷத்தை தயவு செஞ்சு அடிச்சுடுங்க.

இப்படிக்கு,
வியாழக்கிழமை லெட்டர் எழுதிட்டு ஃப்ரிட்ஜை காலி பண்ணப் போற ஒரு வாசகர்

பி.கு: உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு அதே கட்டுரைல ஒரு டிப்ஸ் இருந்துச்சு. வறுக்குறதுக்குன்னா வேணாம். குளிர்ல அதோட மாவுச்சத்து கொஞ்சம் சர்க்கரையா மாறிடும், எண்ணெய்ல போட்டதும் உள்ள வேகறதுக்குள்ள வெளிய கறுத்துடும். நான் போன வெள்ளிக்கிழமை அதை நம்பி கெட்டேன், பையன் பத்துக்கு மூணு போட்டான்.