மகளுக்கு, எஞ்சின் சூடேறுவது பற்றி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு நாங்கள் நலம். மற்ற செய்திகளை உன் தாயார் எழுதுவாள். உன் படகின் எஞ்சின் சூடேறுகிறது என்பது தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மெதுவாக ஓட்டும்போது முள் அசையாமல் நிற்கிறது, வேகம் கூட்டினால் பத்து நிமிடத்தில் சிவப்பை நெருங்குகிறது என்று அவனிடம் சொன்னாயாம். எஞ்சினைப் பற்றி ஒன்றும் அறியாத அவனிடம் சொன்ன நீ, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இருக்கட்டும். பல வருடம் படகு ஓட்டியவர்கள்கூடச் 'சூடாகிறது' என்பதற்கு மேல் சொல்லத் தெரியாமல் நிற்பார்கள். நீ கவனித்துச் சொன்ன விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

எதைச் செய்தாலும், எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதைக் குளிர்விக்கும் கூலண்ட் நீர் உள்ள தொட்டியின் மூடியைத் திறக்காதே. அழுத்தத்தால் கொதிக்காமல் அடைபட்டிருக்கும் நீர், மூடி தளர்ந்த கணமே ஆவியாகி முகத்தில் பீச்சும். கையை வைத்துப் பார்த்துச் சூடு முழுவதும் ஆறிய பிறகே திற.

வேகத்தில் மட்டும் சூடேறுகிறது என்றால், பெரும்பாலும் கூலண்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் கடல்நீர் வருகிறது, ஆனால் போதுமான அளவு வரவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது பின்னால் போய், புகையும் கடல்நீரும் வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயைப் பார். நீர் தாராளமாகக் கொட்டாமல் வெள்ளை ஆவி அதிகமாக வந்தால் நான் சொல்வது சரி. பிறகு கடல்நீர் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறந்து பாசி, பிளாஸ்டிக் எதுவும் இருக்கிறதா என்று பார். வால்வை மூடியவுடன் எஞ்சின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடு. மறதியில் மூடிய வால்வோடு ஓட்டினால் கடல்நீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இறகுச் சக்கரமான இம்பெல்லர் நீரில்லாமல் சுற்றி, சிறிது நேரத்திலேயே கருகிவிடும். பம்புக்கு நீர் வரும் ஹோஸ் பழையதானால், வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வேகத்தில் உறிஞ்சும்போது உள்ளே சப்பிப்போகும். அதைக் கையால் அழுத்திப் பார். எக்ஸாஸ்டில் கடல்நீர் வந்து கலக்கும் வளைவில் கரியும் உப்பும் சேர்ந்து துளை குறுகியிருக்கலாம். புரொப்பெல்லரில் சிப்பி ஒட்டியிருந்தாலும் எஞ்சின் சுமை தாங்காமல் சூடேறும். பெல்ட்டையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அவை என் மனத்தில் பின்னால்தான் நிற்கின்றன. அலாரம் அடித்தால் உடனே வேகத்தைக் குறை, எஞ்சினை நிறுத்து. கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு போகாதே. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே.

எல்லாவற்றையும்விட இம்பெல்லரைக் கழற்றிப் பார். ரப்பர் இறகுகளை ஒவ்வொன்றாக வளைத்து அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, எண்ணிக்கொள். ஓர் இறகு குறைந்தாலும் அது எங்கேயோ போயிருக்கிறது. பம்பிலிருந்து நீர் போகும் வழியில் தேடிக்கொண்டே போனால் கடல்நீர் கூலண்டை ஆற்றும் இடமான ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடிக்குப் பின்னால், மெல்லிய குழாய்களின் வாயில் கிடக்கும். புதிய இம்பெல்லரைப் போட்டுவிட்டோம் என்று அத்தோடு நிறுத்திவிடாதே.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வடிகட்டியின் மூடியை நீ சரியாக இறுக்காததால் காற்று புகுந்து எஞ்சின் வெந்துவிட்டது என்று எல்லோர் முன்னிலையிலும் உன்னை ஏசினேன். சிலிண்டர் ஹெட் வளைந்து, அந்தப் பருவம் முழுவதும் படகு கரையில் கிடந்தது. அதற்குப் பிறகு நீ என் அருகில் வந்து ஸ்பானரைத் தொடவே இல்லை.

மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. அன்று இரவு நான் அதைக் கழற்ற இரண்டு கைகளும் தேவைப்பட்டன. அடுத்த வாரம் ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் திறந்தபோது உப்புப் படிவத்துக்குள் மூன்று ரப்பர் துண்டுகள் சிக்கியிருந்தன. அவை முந்தைய வருடம் நானே மாற்றிய இம்பெல்லரின் இறகுகள். பழையதைக் கையில் எடுத்தபோதே மூன்று குறைவதைப் பார்த்தேன், பொழுது சாய்ந்துவிட்டது என்று தேடாமல் விட்டேன். துண்டுகளைக் கண்ட பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் தாயாரிடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருடம் உன்னைக் குற்றவாளியாகவே இருக்க விட்டேன். தவறு என்னுடையது, மகளே.

நீயே ஒரு படகு வாங்கியபோது எனக்கு உண்டான பெருமையையும் உன்னிடம் சொல்லவில்லை. அதுவும் இந்தத் துண்டுகளால்தான் தொண்டையில் நின்றது.

அவை மூன்றும் என் கருவிப் பெட்டியில், திருகாணி போடும் தகர டப்பாவில் இன்னும் இருக்கின்றன. நீ வரும்போது உன் கையில் தருகிறேன். அதற்கு முன் உன் இம்பெல்லரைக் கழற்றி எண்ணிவிட்டு, எத்தனை இறகுகள் இருக்கின்றன என்று எனக்குச் சொல். எந்த நேரமானாலும் போன் செய். கழற்றும் வேலையை மட்டும் எஞ்சின் ஆறிய பிறகு செய்.

அன்புடன்,
அப்பா