பண்ணைக்காட்டு நண்பனுக்கு: திரையின் மேலும் கீழும் விழும் கறுப்பைப் பற்றி

குன்னூர்,
ஐப்பசி 22

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய காப்பித் தூளும், அந்தப் பொட்டலத்துக்குள் நான்காக மடித்துச் செருகியிருந்த கடிதமும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. கடிதத்திலும் காப்பி மணம் ஏறியிருந்தது. மலைவாழை இந்த ஆண்டு நன்றாகத் தார் போட்டிருக்கிறது என்று எழுதியிருந்ததைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே பத்து நாளாக விடாத மழை. நேற்று மாலை ஒரு காட்டெருமை வந்து எங்கள் வீட்டு பீன்ஸ் பந்தலைச் சாய்த்துவிட்டுப் போனது. இவை தவிரச் சொல்லும்படியான செய்தி ஒன்றும் இல்லையாதலால், நீ கேட்டிருந்த விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

மகன் வாங்கிக் கொடுத்த 43 அங்குல டிவியில் இணையம் வழியாகப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுகிறது என்றும், பொருத்த வந்த பையன் 'ஜூம்' என்பதை அழுத்தித் திரையை நிரப்பிக் கொடுத்துவிட்டான் என்றும், தங்கைக்கு அது பிடித்துப் போய்விட்டது என்றும், உனக்கு மட்டும் ஏதோ இடறுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். உனக்கு இடறியதில் நியாயம் இருக்கிறது. இதே கூத்து போன கோடை விடுமுறையில் என் வீட்டிலும் நடந்தது.

பேரன் வந்திருந்தான். நம் மலை ரயில் வருகிற ஒரு படத்தைப் போட்டோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருவது உனக்கு நினைவிருக்கும். விடுதியில் இருந்த காலத்தில் அதை வைத்து நீ அடித்த கேலிகளை நான் இன்னும் மறக்கவில்லை. படத்தில் அந்த வண்டி திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நீண்டு, பாலத்தின் மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பேரன் எழுந்து போய்த் திரையருகே நின்று, "தாத்தா, எஞ்சினே இல்லாம எப்படி ஏறுது?" என்று கேட்டான். உண்மையிலேயே எஞ்சின் இல்லை. நாலு பெட்டிகள் தாமாகவே மலையேறிக்கொண்டிருந்தன. வால் பக்கத்தில் புகை மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்திருந்த யாரோ முந்தின நாள் ஜூமில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை மாற்றியதும் மேலும் கீழும் கறுப்பு வந்தது, வலது கோடியில் எஞ்சினும் வந்து சேர்ந்தது.

கணக்கு எளியதுதான். உன் டிவியின் கண்ணாடி ஏறத்தாழ 37½ அங்குல அகலம், 21 அங்குல உயரம். அதாவது 16-க்கு 9. ஸ்கோப் படம் என்பது ஒரு பங்கு உயரத்துக்கு 2.39 பங்கு அகலம் கொண்டது. அகலம் முழுவதையும் 37½ அங்குலத்துக்குள் வைத்தால் உயரத்துக்குத் தேவைப்படுவது 15¾ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மிச்சம் மேலே 2¾, கீழே 2¾ என்று கறுப்பாக நிற்கிறது. அந்தக் கறுப்பை ஒழிப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினால், உயரம் நிரம்பும்போது அகலம் கண்ணாடிக்கு வெளியே வழிந்துவிடும். வழிவது கொஞ்சநஞ்சமல்ல, அகலத்தில் நாலில் ஒரு பங்கு: இடப்பக்கம் அரைக்கால், வலப்பக்கம் அரைக்கால். எங்கள் வீட்டு எஞ்சின் அந்த வலப்பக்கத்து அரைக்காலில்தான் போயிற்று. ஆகவே பணம் கொடுத்துவிட்டுக் குறைவாகப் பார்ப்பது பட்டையோடு பார்க்கிறவன் அல்லன், பட்டையில்லாமல் பார்க்கிறவன் என்று தங்கையிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இது ஏன் ஏமாற்றமாகத் தோன்றுகிறது என்பதையும் யோசித்துப் பார்த்தேன். ஊட்டியில் அசெம்பிளி ரூம்ஸ் கொட்டகையில் படம் பார்த்த நாட்களை எண்ணிக்கொள். ஸ்கோப் என்றால் நமக்குத் திரை அகலமாவது. பக்கவாட்டுக் கறுப்புத் துணி விலக விலக நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த தலைமுறை. கொட்டகையில் உயரம் மாறாது, அகலம்தான் கூடும். டிவியிலோ அகலம் மாறாது, உயரம்தான் குறையும். கொட்டகையில் பெரிதாகி வந்த அதே படம் வீட்டில் சிறுத்து வருவதால், பறிகொடுத்தது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது.

இந்த அளவுகள் ஏன் இப்படி ஆளுக்கொன்றாக இருக்கின்றன என்றும் கேட்டிருந்தாய். 35 மி.மீ. பிலிமில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு படக் கட்டத்துக்கு, ஓரத்தில் நாலு துளை என்று எடிசனின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய உதவியாளர் டிக்சன் வகுத்ததிலிருந்து 4-க்கு 3 என்ற வடிவம் வந்தது. பேசும்படம் வந்தபோது ஒலித்தடத்துக்கு ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்ததால், கொஞ்சம் ஒட்டுப்போட்டு 1932-இல் 1.37 என்று நிலைப்படுத்தினார்கள். நம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் இந்த வடிவம்தான். பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு டிவி வந்து கொட்டகைகள் காலியானபோது, டிவியால் முடியாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று 1953-இல் சினிமாஸ்கோப்பைக் கொண்டு வந்தார்கள். பிலிம் பழைய பிலிம்தான். லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதியும், கொட்டகையில் இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். தமிழில் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' தான் முதல் ஸ்கோப் படம். ஒரு கொட்டகையில் ஆபரேட்டர் ஸ்கோப் லென்ஸை மாட்ட மறந்து, கதாநாயகன் முதல் குதிரை வரை எல்லோரும் முருங்கைக்காயாக வந்து நிற்க, நீ விசிலடித்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதற்குக் காரணம் இதுதான்.

டிவியின் 16-க்கு 9 மட்டும் எந்தக் காமிராவிலிருந்தும் வந்ததல்ல. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்தில் இருந்த படவடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்த இந்த வடிவத்தைச் சொன்னார். அதனால் அது எல்லாப் படங்களுக்கும் சுமாராகப் பொருந்தும், பெரும்பாலான படங்களுக்கு அச்சாகப் பொருந்தாது. பழைய படமானால் இரு பக்கமும் கறுப்பு, ஸ்கோப் படமானால் மேலும் கீழும் கறுப்பு. ஏதாவது ஒரு கறுப்பு இருந்தே தீரும்.

இனி, ரிமோட்டில் எதை வைப்பது என்பது. மெனுவில் 'பிக்சர் சைஸ்' அல்லது 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று இருக்கும் இடத்தில் 16:9 என்றோ 'ஒரிஜினல்' என்றோ வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாதே. இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் நானே விழுந்து எழுந்தவன். பழைய கறுப்பு வெள்ளைப் படம் 4-க்கு 3 என்பது எனக்குத் தெரியும். மெனுவிலும் 4:3 என்று ஒன்று இருக்கிறது. ஆகவே பழைய படத்துக்கு அதுதான் முறை என்று பெரிய அறிவாளியைப் போல அதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லோரும் இளைத்துப் போனார்கள். இணையத்தில் வரும் படம், இரு பக்கக் கறுப்பையும் சேர்த்து 16-க்கு 9 சட்டமாகவேதான் டிவிக்கு வந்து சேர்கிறது. அந்த முழுச் சட்டத்தையும் 4:3-க்குள் இன்னொரு முறை நெருக்கினால், கறுப்போடு ஆட்களும் நெருங்கத்தானே செய்வார்கள்? படத்துக்குரிய வடிவத்தை அனுப்புகிறவரே கணக்கிட்டு அனுப்பிவிடுகிறார், டிவி அதைத் தொடாமல் காட்டினால் போதும். அந்த 4:3 பொத்தான், உண்மையிலேயே அந்த வடிவத்தில் அனுப்பும் பழைய டிவிடி பிளேயர் போன்ற கருவிகளுக்கானது.

'ஸ்ட்ரெட்ச்' என்று சில டிவிகளில் இருப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் தொடாதே. ஜூம் வெட்டத்தான் செய்யும், இது உருவத்தையே கெடுக்கும். பழைய படத்தை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்து, வண்டிச் சக்கரத்தைப் பூசணிக்காயாகவும் கதாநாயகியை அவள் பெரியம்மாவாகவும் ஆக்கிவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க வட்டமான எதையாவது தேடு: நிலா, தட்டு, சக்கரம். இஞ்ச் டேப்பை எடுத்துக் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை பிடித்துப் பார்த்தால் தீர்ந்தது.

ஓரம் வெட்டுப்படுகிறதா என்பதற்கு வேறு சோதனை. படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருமே, அதன் கடைசி வரியும் ஓரக் கோடும் முழுதாகத் தெரிகின்றனவா என்று பார். தெரியாவிட்டால் டிவி படத்தைச் சற்றே ஊதிக் காட்டுகிறது என்று பொருள். பழைய குழாய் டிவியில் ஓரங்கள் கோணலாக இருந்ததால் அவற்றைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் வழக்கம் இருந்தது; அந்த வழக்கம் காரணம் போன பிறகும் சில டிவிகளில் மிஞ்சி நிற்கிறது. அதை நிறுத்தும் பொத்தானுக்குக் கம்பெனிக்கு ஒரு பெயர்: 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்கிரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்'. டிவியின் பின்னால் உள்ள ஒவ்வொரு சொருகிக்கும் இந்த அமைப்பைத் தனித்தனியாக நினைவில் வைக்கும் டிவிகள் உண்டு, ஆதலால் கேபிள் பெட்டிக்கு ஒரு முறையும் இணையப் படம் காட்டச் செருகும் குச்சிக்கு ஒரு முறையும் பார்த்துவிடு.

ஜூமை அடியோடு விலக்கச் சொல்லவில்லை, அதற்கும் ஒரு வேளை உண்டு. யூடியூபில் யாரோ பழைய விசிடியிலிருந்து ஏற்றிய ஸ்கோப் படங்களில் நாலு பக்கமும் கறுப்பு நின்று, படம் நடுவில் தபால்தலை போலக் கிடக்கும். முன்பே மேலும் கீழும் கறுப்பு வைத்து 4-க்கு 3 ஆக்கியதை, மறுபடியும் இரு பக்கமும் கறுப்பு வைத்து 16-க்கு 9 ஆக்கியிருப்பார்கள். அங்கே தாராளமாக ஜூம் வை. வெளியேறுவது கறுப்பு மட்டுமே. படம் முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாற்றிவிடு. பழைய படத்தைப் புதுப்பிக்கிறேன் என்று தலையையும் காலையும் வெட்டி ஸ்கோப்பாக்கி வெளியிட்டிருந்தால், அதற்கு எந்த ரிமோட்டிலும் மருந்தில்லை.

கைப்பேசியிலிருந்து டிவிக்கு அனுப்புவதாக எழுதியிருந்தாய். அதில் கைப்பேசியின் திரையையே அப்படியே பிரதி எடுத்துக் காட்டும் முறையைத் தவிர். நீ அதை நிமிர்த்திப் பிடித்தால் படம் நடுவில் குச்சியாக நிற்கும், விரலால் பெரிதாக்கினால் அந்த வெட்டும் சேர்ந்து வரும். செயலிக்குள்ளேயே இருக்கும் 'காஸ்ட்' குறியை அழுத்தினால் டிவி தானே இணையத்திலிருந்து படத்தை எடுத்துக்கொள்ளும்.

கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகப் பளபளப்பதுதான் தங்கைக்கு உறுத்துகிறது என்று எனக்கு ஓர் ஊகம். உங்கள் ஊரில் ஆறு மணிக்கே மூடுபனி இறங்கி, விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அப்படித்தான் தெரியும். பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சத்தை, பாதி அளவுக்கும் கீழே இறக்கி, 'சினிமா' அல்லது 'மூவி' முறையில் வைத்து, டிவிக்குப் பின்னால் சுவர் பக்கமாக ஒரு சிறு பல்பை எரியவிட்டுப் பார். நான் அப்படிச் செய்த பிறகு என் வீட்டில் பட்டையைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. பல்பு எரிவதைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்கோப் படத்தைப் போட்டு, மேல் பட்டையை டேப் பிடித்து அளந்து எழுது. 2¾ அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பட்டையே இல்லையென்றால் பையன் வைத்த ஜூம் இன்னும் இருக்கிறது. நாலு பக்கமும் இருந்தால் படத்தின் பெயரையும், எதில் பார்த்தாய் என்பதையும் சேர்த்து எழுது, நானும் இங்கே போட்டுப் பார்க்கிறேன். காப்பித் தூள் கார்த்திகை வரைக்கும் வரும்.

உன் பழைய அறைத்தோழன்