தரங்கம்பாடி டச்சுக் கோட்டை அல்ல: திருத்தம் வர உதவிய அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பயண மாத இதழ் ஒன்றில் தரங்கம்பாடி பற்றி வந்த கட்டுரையில் ஆறு தவறுகள் இருந்தன. ஐந்துக்குத் திருத்தம் அச்சாகிவிட்டது. அதற்குக் கைகொடுத்தவர்கள் எல்லோருமே பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், செய்த வேலையை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி, "கோபத்தை எழுதாதீர்கள், பக்க எண்ணை எழுதுங்கள்" என்று எங்கள் கடிதத்தின் முதல் வரைவைக் கிழித்துப்போட்ட ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு. அந்த வரைவு நான்கு பக்கம் ஓடியது. ஊரின் பெருமை, கட்டுரையாளரின் அலட்சியம் எல்லாம் இருந்தன, தவறு எந்த வரியில் என்பது மட்டும் இல்லை. அவர் சொன்ன முறைப்படி கடிதம் ஒரே தாளில் அடங்கிவிட்டது: இதழின் மாதம், பக்கம், பத்தி, அச்சான வாக்கியம் அப்படியே மேற்கோளில், அதன் கீழ் சரியான தகவல் ஒரே வாக்கியத்தில், அதற்கு ஆதாரம், நகலுடன். ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனி எண். உதவி ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடும்படி இருந்தால்தான் கடிதம் அடுத்த மேசைக்கு நகரும்.

"டச்சுக் கோட்டை" என்பதைத் திருத்துவது எளிதாக இருந்தது. டேனிஷ் (டென்மார்க்), டச்சு (நெதர்லாந்து) இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால் வரும் பழைய குழப்பம் இது. டச்சுக்காரர் கோட்டை பார்க்க வேண்டுமானால் சதுரங்கப்பட்டினத்துக்குப் போக வேண்டும். இங்கே 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியவர்கள் டென்மார்க்கினர். 1845இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை அருங்காட்சியகத்தில் எதைப் படம் எடுக்கலாம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்ன ஊழியருக்கு நன்றி.

தேவாலயத் தவறுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சீயோன் ஆலயத்தை ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு கட்டியதாகக் கட்டுரை சொன்னது. அவர் கப்பலில் வந்து இறங்கியது 1706இல். சீயோன் ஆலயம் 1701இலேயே எழும்பிவிட்டது. அவர் கட்டியது புதிய எருசலேம் ஆலயம். அதன் முகப்பில் கிரீடச் சின்னத்துக்குக் கீழே 1718 என்று ஆண்டே பொறித்திருக்கிறது. வெயில் பக்கவாட்டில் விழுந்து எழுத்து மேலெழும் நேரம் பார்த்து அதைப் படமெடுத்த தம்பிக்கு நன்றி. உச்சிவெயிலில் எடுத்த முந்தைய படத்தில் எண் தெரியவே இல்லை.

சங்கடமான தவறு அச்சகம் பற்றியது. "இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்" என்று போட்டிருந்தார்கள். ஊருக்குப் பெருமைதானே, அதை ஏன் கிளற வேண்டும் என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்டார்கள். ஆனால் கோவாவில் 1556இலேயே அச்சுப்பொறி வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. நமக்குச் சாதகமான பொய்யை விட்டுவிட்டு மற்றதை மட்டும் திருத்தச் சொன்னால் கடிதத்துக்கு என்ன மரியாதை? உண்மையான பெருமையே போதுமான அளவு இருக்கிறது: இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாகப் பைபிளின் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானது இங்கேதான், 1715இல். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பொறையாறில் காகிதம் செய்த இடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்றே பெயர். இந்த விவரங்களை நூலகத்தில் தேடி, பக்க எண்ணோடு குறித்துத் தந்த கல்லூரி மாணவிகளுக்கு மிகுந்த நன்றி. இணையக் கட்டுரைகளை ஆதாரமாக வைக்காமல் அச்சு நூல்களையே வைத்தது அவர்கள் யோசனை. இதழ் அந்த இணையப் பக்கத்தைப் பார்த்தே தவறியிருந்தால், அதையே திருப்பிக் காட்டி என்ன பயன்?

பயணிகளை நேரடியாக அலையவிட்ட பிழை, "தரங்கம்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி" என்ற வரி. மயிலாடுதுறையிலிருந்து வந்த மீட்டர்கேஜ் பாதை 1980களிலேயே மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டி ஒன்றிலிருந்து வரியை அப்படியே எடுத்திருக்க வேண்டும். மயிலாடுதுறையில் இறங்கி, செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு போகும் பேருந்தில் ஏறி, தரங்கம்பாடியில் இறங்க வேண்டும். ஊர் நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நேரே நடந்தால் கடல், வலப்புறம் கோட்டை. இதை நிறுத்தம் விடாமல் சொல்லி எழுதவைத்த நடத்துநர் அண்ணனுக்கு நன்றி. நாகப்பட்டினம் மாவட்டம் என்று போட்டிருந்ததையும் மயிலாடுதுறை மாவட்டம் என மாற்றிவிட்டார்கள். 2020இல் பிரிந்த மாவட்டம் அது.

திருத்தம் வராத ஒன்று, "குளிக்க ஏற்ற அமைதியான கடற்கரை" என்ற வரி. அது கட்டுரையாளரின் கருத்து என்று பதில் வந்தது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் அலைக்குள் மறைந்து கிடக்கின்றன, கால் வைத்தால் வழுக்கும். இதைப் படகுத்துறையில் ஒவ்வொரு இடமாகக் காட்டிய மீனவ அண்ணன்மார்களுக்கு நன்றி. மறைந்த பாறைகளைப் படத்தோடு காட்டி, கருத்தாக அல்லாமல் எச்சரிக்கையாகப் போடும்படி மறுபடி எழுதியிருக்கிறோம்.

அஞ்சலில் உதவிய வழக்கறிஞர் நண்பருக்கும் நன்றி. இதழில் ஆசிரியர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும் சிறு வரியில் உள்ள முகவரிக்குத்தான் கடிதம் போக வேண்டும், விளம்பரப் பிரிவுக்கு அல்ல என்றார். பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னார். ஆசிரியர் கண்டுகொள்ளாவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். ஆனால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், மாத இதழ் என்றால் வெளியான நான்கு மாதத்துக்குள் புகார் சேர வேண்டும், நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டே மாதம். அந்த அளவுக்குப் போகவில்லை.

கடைசியாக, எங்கள் தாளை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்து, திருத்தத்தை வாசகர் கடிதப் பகுதியில் ஒளிக்காமல் பெட்டிச் செய்தியாகப் போட்ட அந்த இதழின் உதவி ஆசிரியருக்கும் நன்றி. மின்னிதழில் "டச்சு" இன்னும் நிற்கிறது. அதற்கும் பக்க எண்ணோடு எழுதியாயிற்று.

இப்படிக்கு,
தரங்கம்பாடி வாசகர்கள்