அது தியரி பேப்பர், இது நியூஸ் பேப்பர்: இதழியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக இதழியல் துறைகளின் பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் பிழைப்பு. வருடாவருடம் உங்கள் துறைகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களில் நாலைந்து பேராவது என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களை முன்னிட்டுத்தான் இந்த மடல். “குறை சொல்ல எழுதவில்லை” என்று ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் கொஞ்சம் குறையும் இருக்கிறது. உங்கள் மேலும், எங்கள் மேலும்.

போன முறை வந்த மாணவி ஒருவர், நல்ல கெட்டிக்காரர். ஊடக அறம் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஒரு திருட்டு வழக்கில் நடந்த கைதைச் செய்தியாக எழுதச் சொன்னேன். இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டார். பிழையில்லாத தமிழ், தெளிவான லீட் (செய்தியின் தொடக்கப் பத்தி). இரண்டாவது பத்தியில் இப்படி ஒரு வரி: “பூட்டை உடைத்து உள்ளே புகுந்த அவன், பீரோவில் இருந்த நகைகளைத் திருடிக்கொண்டு தப்பினான்.”

“இதை யார் பார்த்தது?” என்று கேட்டேன்.

“போலீஸ் சொன்னாங்க சார்.”

“சரி, அப்படியானால் போலீஸ் சொன்னதாகத்தானே எழுத வேண்டும்? கோர்ட் இன்னும் வாயே திறக்கவில்லை. அதற்குள் ‘அவர்’ எப்படி ‘அவன்’ ஆனார்?”

கொஞ்சம் யோசித்தார். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகவே கருத வேண்டும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவர் அவர். அதை ஞாபகப்படுத்தினேன். “சார், அது தியரி பேப்பர். இது நியூஸ் பேப்பர்” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முதல் நான்கு பருவம் வகுப்பறை, ஐந்தாவதில் கேமராவும் எடிட்டிங்கும், கடைசியில் ஒன்றரை மாதம் பயிற்சி என்று பிரித்து வைத்தால், பிள்ளைகள் மனதிலும் அது பிரிந்துதான் கிடக்கும். அறம் ஒரு அலமாரியில், காப்பி (செய்திப் பிரதி) எழுதுவது இன்னொரு அலமாரியில்.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டே அன்று சாயங்காலம் அவரோடு இன்னொரு வேலை செய்தேன். எங்கள் பத்திரிகையின் ஒரு வார இதழ்களை எடுத்து, கைது செய்திகளில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். லஞ்சப் புகாரில் சிக்கிய அதிகாரிக்கு எல்லா இடத்திலும் ‘ஆர்’: கைது செய்யப்பட்டார், மறுத்தார், அழைத்துச் செல்லப்பட்டார். பைக் திருடியதாகப் பிடிபட்ட இளைஞருக்கு ‘ஆன்’: ஓடினான், சிக்கினான், ஒப்புக்கொண்டான். இருவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இருவர் மீதும் புகார், இருவருக்கும் விசாரணை பாக்கி. வித்தியாசத்தை உண்டாக்கியது எங்கள் விகுதி.

ஒரு செய்தியை எந்தக் கோணத்தில், எந்தச் சொல்லில் காட்டுகிறோம் என்பதைப் பேசும் ‘சட்டகப்படுத்தல்’ என்று ஒரு முழு அலகே நடத்துகிறீர்கள். எல்லா எடுத்துக்காட்டும் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து. ஆங்கிலத்தில் திருடனுக்கும் மந்திரிக்கும் ஒரே பிரதிப்பெயர். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதையைக் கொடுக்கவோ பிடுங்கவோ செய்கிறார். அந்த அலகை நடத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அந்த மாணவி அடிக்கோடு போட்டு முடித்ததும் சொன்னது: “சார், இது எங்களுக்கு சிலபஸ்ல இருக்கு.” இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

நீங்கள் நடத்தும் கோட்பாடுகளில் பல, செய்தி அறையின் குப்பைக்கூடையிலிருந்து வந்தவை. எந்தச் செய்தியை உள்ளே விடுவது, எதைத் தள்ளுவது என்று யார் எப்படி முடிவு செய்கிறார் என்று பார்த்த ‘வாயிற்காப்போன்’ ஆய்வை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், டேவிட் மேனிங் ஒயிட், 1950 என்று. அவர் செய்தது என்ன? அமெரிக்க நாளிதழ் ஒன்றில் ஏஜென்சி (செய்தி நிறுவனங்கள் அனுப்பும்) செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம், 1949 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்கு, வேண்டாம் என்று ஒதுக்கும் ஒவ்வொரு செய்தியிலும் காரணத்தை எழுதி வைக்கச் சொன்னார். வேலை முடிந்த பிறகு, நடுநிசியைத் தாண்டி உட்கார்ந்து அந்த மனிதர் எழுதினார். வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்குத்தான் போயிருந்தது. ‘இடமில்லை’ என்ற காரணமும் இருந்தது, ‘இது பிரசாரம்’ என்பதும் இருந்தது, சொந்த விருப்பு வெறுப்பும் வெளிப்படையாகவே இருந்தது. ஆய்வு என்று பெயர், பார்த்தால் ஒரு உதவி ஆசிரியரின் ராத்திரி வேலை.

இதை ஏன் உங்கள் மாணவர்கள் செய்து பார்க்கக் கூடாது? ஒரு நாள் வந்து குவியும் செய்திக்குறிப்புகளையும் ஏஜென்சி செய்திகளையும் கொடுங்கள். ஒரு பக்கம் தயாரிக்கச் சொல்லுங்கள். தள்ளியவை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலை அந்தக் காரணங்களை மட்டும் மேஜையில் பரப்பி வகுப்பை ஆரம்பியுங்கள். தன் கையெழுத்தில் “போர் அடிக்கிறது” என்று இருப்பதைப் பார்க்கிற மாணவருக்கு அந்தக் கோட்பாட்டை அதற்கப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊடகம் பெரிதாகக் காட்டுவதையே மக்களும் முக்கியமாக நினைக்கிறார்களா என்று ஆராய்ந்த மெக்கோம்ஸும் ஷாவும் அப்படித்தான். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டு, ஊடகங்களில் எதற்கு அதிக இடம் கிடைத்தது என்பதோடு ஒப்பிட்டார்கள். ஒரு வகுப்பால் செய்ய முடிகிற வேலைதான் அது.

இதைப் படிக்கிற என் சக பத்திரிகையாளர்கள் சிலர் இந்நேரம் சிரிப்பார்கள். “தியரியெல்லாம் எதுக்கு? ரெண்டு மாசம் டெஸ்க்ல உட்கார்ந்தா தானா வந்துடும்” என்பது எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. (டெஸ்க் என்றால் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் பிரிவு.) பத்திரிகையாளன் பிறக்கிறான், உருவாக்கப்படுவதில்லை என்ற பேச்சு 100 வருடத்துக்கு முன்பே இருந்தது. 1904-ல் ஜோசப் புலிட்சர் இதற்குப் பதில் சொல்லும்போது, பிறந்துவிட்டாலே போதும் என்று கிடைக்கிற வேலை முட்டாள் வேலை ஒன்றுதான் என்ற பொருளில் எழுதினார். அவர் நாளிதழ் அதிபர், வியாபாரம் தெரிந்தவர். ஆனாலும் தன் பணத்தில் அமையும் கல்லூரி வியாபாரத்தைச் சொல்லித்தரக் கூடாது, சட்டம், வரலாறு, புள்ளியியல், அறம் இவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்றார். அந்தப் பள்ளி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912-ல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

டெஸ்கில் உட்கார்ந்தால் தானாக வருபவை எவை என்று எனக்குத் தெரியும். முதலில் வருவது ‘கூறப்படுகிறது’. யார் கூறினார் என்று தெரியாதபோதும், தெரிந்தும் சொல்ல விருப்பமில்லாதபோதும், கேட்கவே மறந்தபோதும் இந்த ஒரு சொல் கைகொடுக்கும். வேலைக்கு வந்த ஒரு வாரத்தில் புதியவர்கள் இதைக் கற்றுக்கொள்கிறார்கள். யாரும் சொல்லித்தருவதில்லை. கூடவே வேகம் வரும். வட்டி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமானால் ‘2 சதவீத உயர்வு’ என்று தலைப்பு வைக்கும் துணிச்சலும் வரும். (அது 2 சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் 50. இதைத் திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.) ஆக, எங்கள் அலுவலகத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கெட்ட பழக்கத்தையும் நாங்கள் நன்றாகவே சொல்லித்தருவோம்.

நானும் படித்துவிட்டு வந்தவன்தான். துல்லியம் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு மோசடிப் புகார் செய்தி. சம்பந்தப்பட்டவரின் வயது 34. நான் 43 என்று அடித்துவிட்டேன். இரண்டு எண் இடம் மாறியது, அவ்வளவுதான். அதே தெருவில், அதே பெயரில், 43 வயதில் ஒருவர் இருந்தார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை நாலாக மடித்து, அந்தச் செய்தி மேலே தெரிகிற மாதிரி பிடித்திருந்தார். “என் பையன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு சொல்றான்” என்றார். என் செய்தி ஆசிரியர் என்னைத்தான் அவரிடம் பேச அனுப்பினார். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவருடைய கட்டைவிரலில் அச்சு மை ஒட்டியிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாள் ஆறாம் பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்கு மேலே, இரண்டு வரியில் திருத்தம் போட்டோம். தவறு வந்தது முதல் பக்கத்தில்.

இந்தப் பாடம் எனக்கு வகுப்பில் கிடைத்திருக்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன், வகுப்புக்கு நிஜமான வாசகர் இருந்திருந்தால்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளி 1908 செப்டம்பர் 14 அன்று தொடங்கியது. அதே நாளில் மாணவர்கள் நடத்தும் நாளிதழின் முதல் இதழும் வெளிவந்தது. வளாகத்துச் செய்திமடலாக அதை நடத்தவில்லை. ஊருக்கான நாளிதழ், ஊரில் இருந்த மற்ற நாளிதழ்களோடு போட்டி போட்டது. ஆசிரியர் பொறுப்பில் பேராசிரியர்கள், நிருபர்கள் மாணவர்கள். 1953-ல் அதே பல்கலைக்கழகம் ஒரு தொலைக்காட்சி நிலையத்தையும் தொடங்கியது. மருத்துவக் கல்லூரிக்கு ஆஸ்பத்திரி எப்படியோ அப்படி. மருத்துவ மாணவர்கள் பொம்மைக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுப் பட்டம் வாங்கிப் போவதில்லையே.

நம்மிடமும் மாணவர்கள் பயிற்சிக்காகத் தயாரிக்கும் ‘லேப் ஜர்னல்’ இருக்கிறது, எனக்குத் தெரியும். வருகிற மாணவர்கள் காட்டுவார்கள். பருவத்துக்கு ஒன்று, வழவழப்புத் தாள். முதல் பக்கத்தில் துறைத் தலைவரின் வாழ்த்து, இரண்டாம் பக்கத்தில் கருத்தரங்கப் படம், அப்புறம் மரம் வளர்ப்பின் அவசியம். ஐம்பது பிரதி அச்சாகி மதிப்பெண் போட்டதும் பீரோவுக்குள் போய்விடும். அதைப் படித்துவிட்டு யாரும் கோபமாக வந்து வாசலில் நின்றதில்லை. என் பார்வையில் அதன் பெரிய குறை அதுதான்.

அச்சு இயந்திரம் இல்லையே, செலவுக்கு எங்கே போவது என்ற காரணம் இப்போது செல்லாது. ஒரு இணையதளம் போதும். பல்கலைக்கழகத்தைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில் உடைந்த குழாய், மூடிய நூலகம், வராத பஸ், உள்ளாட்சிக் கூட்டம் எதையும் எங்களைப் போன்ற பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. எங்களிடம் ஆள் இல்லை. உங்களிடம் வகுப்புக்கு முப்பது பேர் இருக்கிறார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு டெட்லைன். காலையில் ஊடகச் சட்டம் நடத்துகிறவர் அந்த நாளின் செய்திகளில் எது அவதூறில் மாட்டும் என்று பிரித்துக் காட்டட்டும். ஆய்வு முறை நடத்துகிறவர் மாணவர்கள் எடுத்த கருத்துக்கணிப்பில் ஓட்டை எங்கே என்று சொல்லட்டும். முனைவர் பட்டம் வாங்கியவர் பெரியவரா, செய்தி அறையில் தேய்ந்தவர் பெரியவரா என்று துறைக்குள் நடக்கும் பனிப்போர் பற்றியும் மாணவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே காப்பியைத் திருத்த வேண்டியிருந்தால் அது கொஞ்சம் குறையும்.

நிர்வாகத்தைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்று உங்களில் சிலர் யோசிப்பீர்கள். நியாயமான பயம்தான். விடுதியைப் பற்றி ஒரு செய்தி வந்தாலே தொலைபேசி அடிக்கும். அந்தத் தொலைபேசியைத் துறைத் தலைவர் எப்படி எடுக்கிறார் என்பதை மாணவர்கள் பார்ப்பது, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ஒரு பருவ வகுப்புக்குச் சமம்.

இனி எங்கள் பக்கத்துக் குறை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை நாங்கள் பெரும்பாலும் செய்திக்குறிப்பு தட்டச்சு செய்யவும், வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் தரம் பிரிக்கவும் வைத்துக்கொள்கிறோம். காசும் கொடுப்பதில்லை. கடைசி நாளில் சான்றிதழை வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். டென்மார்க்கில் இதழியல் படிப்பின் நடுவிலேயே நீண்ட காலப் பயிற்சி, அதுவும் சம்பளத்தோடு. போய் வேலை செய்துவிட்டு மறுபடி வகுப்புக்குத் திரும்புகிறார்கள். திரும்புவதுதான் முக்கியம். நம்மிடம் பயிற்சி கடைசியில் இருப்பதால், அங்கே பார்த்த அக்கிரமத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்க வகுப்பே மிச்சம் இருப்பதில்லை.

அதனால் பயிற்சியை நடுவில் வையுங்கள். அனுப்பும்போது எங்களிடம் கறாராக இருங்கள். யார் மேற்பார்வை, எத்தனை செய்தி எழுத விடுவீர்கள், என்ன தருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். தராத அலுவலகத்துக்கு அடுத்த வருடம் ஆள் அனுப்பாதீர்கள். எங்களுக்கு உறைக்கும். இலவச ஆள் நின்றால்தான் எங்கள் நிர்வாகத்துக்கு எதுவும் உறைக்கும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்றே ஒன்று. எழுதியதற்கு மார்க் போடுகிறீர்கள், சரி. திருத்தத்துக்கும் போடுங்கள். தன் செய்தியில் இருந்த தவறைத் தானே கண்டுபிடித்து, எங்கே எப்படித் தவறியது என்று வாசகருக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு இருபது மதிப்பெண் கொடுத்தாலும் தகும். மறைத்தவருக்குக் குறையுங்கள். எங்கள் தொழிலில் இது தலைகீழாக இருக்கிறது. ஆறாம் பக்கத்து அடியில் இரண்டு வரி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த மாணவி இப்போது வேறொரு நாளிதழில் நிருபர். போன மாதம் அவருடைய பைலைனில் (எழுதியவர் பெயர் போடும் வரி) ஒரு கைது செய்தி பார்த்தேன். ‘திருடியதாகப் போலீஸார் தெரிவித்தனர்’ என்று இருந்தது, கைதானவருக்கு ‘ஆர்’ இருந்தது. ஆனால் மேலே தலைப்பில் ‘பலே திருடன் சிக்கினான்’. தலைப்பு வைத்தது டெஸ்க். எங்கள் ஆட்கள்தான்.

உங்கள் துறையிலிருந்து அந்த இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்கு ஒரு பத்திரிகை தொடங்கினால் எனக்கும் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து காப்பி பார்க்க நான் தயார், பணம் வேண்டாம். வந்ததும் திருத்தம் எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு உதவி ஆசிரியர்